பரீட்சைக்கு எடுத்துவைத்த நோயாளி

"நல்ல கேஸ், புவனா. கை நழுவ விட்டுடாதீங்க" என்றார் டாக்டர் ஸ்தனிஸ்லாஸ்.

அவர் சொன்ன கேஸ் அப்போது ஐசியு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெந்துபோன வாயில் ஸ்ட்ராவை வைத்து இளநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தது. பெயர் பழனிக்குமார். அகரத்தில் பூந்தோட்டம் வைத்திருப்பவன். களைக்கொல்லி வயிற்றுக்குள் போய், அதற்காக வந்து படுத்திருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் நல்ல கேஸ் என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? நோய்க்கு உண்டான அத்தனை அடையாளமும் உடம்பில் தெரிய வேண்டும், கேட்ட கேள்விக்கு ஆள் பதிலும் சொல்ல வேண்டும். படிக்கிறவர்களுக்கு அதைவிடக் கொண்டாட்டம் கிடையாது. படுத்திருக்கிறவனுக்கு அதில் நல்லது ஒரு மண்ணும் இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் "சரி சார்" என்றேன். பரீட்சை எனக்கல்லவா?

நான் நத்தத்துக்காரி. திண்டுக்கல்லில், பேர் எதற்கு, ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐசியுவில் வருஷக்கணக்காக ஸ்டாப் நர்ஸாகக் குப்பை கொட்டிவிட்டு, அங்கேயே தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் மேற்படிப்பில் சேர்ந்தவள். படிச்சு முடிச்சா டாக்டரம்மாவா என்று என் மாமியார் கேட்பார். இல்லை என்றால், அப்புறம் எதுக்கு இம்புட்டு வயசுல படிக்கிற என்பார். டாக்டர் இல்லாத நேரத்தில் மூச்சுக்குழாய் போடுவது, வென்டிலேட்டரைத் திருத்துவது, ரத்த அழுத்தம் இறங்கினால் எந்த மருந்தை ஏற்றுவது என்று முடிவெடுப்பது, எல்லாம் இந்தப் படிப்பில் உண்டு. உறவுக்காரர்களிடம் கெட்ட செய்தி சொல்வதும் உண்டு. அதற்கும் மார்க் இருக்கிறது. நிஜ நோயாளியின் கட்டில் பக்கத்தில், சென்னையிலிருந்து வரும் தேர்வாளர் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் சொல்லிக் காட்ட வேண்டும்.

பழனிக்குமாருக்குச் சொல்ல வேண்டிய கெட்ட செய்தி இதுதான்: அவன் பிழைக்க மாட்டான்.

அது ஒரு சண்டாள மருந்து. முதலில் வாயும் தொண்டையும் புண்ணாகும். அடுத்து சிறுநீரகம். அதற்குப் பிறகு நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வரும். மாற்று மருந்து கிடையாது. நடுவில் ஆள் எழுந்து உட்காருவான், பேசுவான், பசிக்கிறது என்பான். வீட்டார் சாமிக்கு நேர்ந்துகொண்டு, எப்போது டிஸ்சார்ஜ் என்று கேட்க ஆரம்பிப்பார்கள். புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். இருந்து என்ன பண்ண?

அவனை எமர்ஜென்சிக்குக் கொண்டுவந்தபோது நான்தான் டூட்டி. அவனுடைய ஆத்தா சிவனம்மாள் ஒரு கையால் மாரில் அடித்துக்கொண்டு, மறுகையால் மருமகளை அடித்துக்கொண்டு வந்தது. "பாவி மக! நீ இருந்தும் ஒண்ணுதான் செத்தும் ஒண்ணுதான்னு காலையில சொன்னாளே! எங்காது கேக்கச் சொன்னாளே! அந்த ரோசத்துலதானே எம்புள்ள மருந்தக் குடிச்சுட்டான்!"

மருமகள் ஆனந்தி அடிக்கு விலகவே இல்லை. அவளும் நத்தம் பக்கம்தான். தங்கச்சி வளைகாப்புக்குப் போக வேண்டும் என்றிருக்கிறாள், பூப்பறிப்பு நேரத்தில் போகக் கூடாது என்றிருக்கிறான் இவன். அந்தச் சண்டையில் வாய் தவறி வந்த வார்த்தை அது. புருஷன் பெண்டாட்டிச் சண்டையில் யார்தான் சொல்லாத வார்த்தை? என் வீட்டில் வாரம் ஒருமுறை நான் சொல்கிறேன்.

இரண்டு பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, வயிற்றைக் கழுவுவதற்கு முன் அவனிடம் கேட்டேன். "உண்மையச் சொல்லு அப்பு. எதுக்குக் குடிச்ச?"

அவன் கதவைப் பார்த்தான். "ரோசத்துல குடிக்கல சிஸ்டர். சரக்குன்னு நெனச்சுக் குடிச்சுட்டேன்."

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இந்தக் கூத்து சகஜம். கேனில் மிச்சமான களைக்கொல்லியைக் காலி குவாட்டர் பாட்டிலில் ஊற்றி, மோட்டார் ரூமில் சொருகி வைப்பார்கள். இவனும் வைத்திருக்கிறான். அதே ரூமில் ஆத்தாவுக்குத் தெரியாமல் நிஜ குவாட்டரையும் ஒளித்து வைத்திருக்கிறான். பொழுது சாய்ந்த நேரம், கரண்ட் இல்லை. கைக்கு வந்ததை மடக்கென்று விட்டுக்கொண்டிருக்கிறான். விழுங்கிய பிறகுதான் நாற்றம் தெரிந்திருக்கிறது.

"அப்ப அதை வெளிய சொல்ல வேண்டியதுதானே? உன் பொண்டாட்டிய உங்காத்தா கொன்னுக்கிட்டு இருக்கு."

"எப்படிச் சொல்றது சிஸ்டர்? போன வருசம் அழகர்கோயில்ல, பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால நின்னு, இனிமே தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன். ஆத்தாதான் கூட்டிட்டுப் போயி கயிறு கட்டிவிட்டுச்சு. சத்தியத்தை மீறிட்டேன்னு தெரிஞ்சா அது உசிரோட இருக்காது."

"அதுக்காக?"

"அவகளே ரோசத்துல குடிச்சான்னு சொன்னாக. நான் ஒண்ணுஞ் சொல்லல. வீட்டுக்குப் போயி, ஆத்தா கோவம் ஆறுனதும், நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன். நீங்க சொல்லிறாதீக."

அடப்பாவி என்று வாய்வரை வந்தது. நோயாளி நம்மிடம் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது. அதையும் படிப்பில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். மறுநாள் போலீஸ்காரர் வந்து, குடும்பத் தகராறா என்று கேட்டபோதும் இவன் தலையைத்தான் ஆட்டினான்.

இவனாக இவன் வாயால் சொன்னால்தான் உண்டு. சொல்லாமல் செத்தால், புருஷனைப் பேசியே கொன்றவள் என்று அகரம் முழுக்க ஆனந்தியைக் காலத்துக்கும் கரித்துக் கொட்டும். வீட்டுக்குப் போகவே போவதில்லை என்று தெரிந்தால் இவன் இப்போதே சொல்லிவிடுவான். அதை அவனுக்கு யார் சொல்வது?

டாக்டரிடம் போனேன். ஸ்தனிஸ்லாஸ் சார் கெட்ட மனுஷன் இல்லை. இரண்டு வார்டையும் ஒற்றை ஆளாகப் பார்த்து, டீயும் பன்னும் தின்று உயிர் வாழ்கிறவர். ஆனால் அவருக்கும் கல்லூரி நெருக்கடி.

"இப்ப யாரும் சொல்ல வேண்டாம் புவனா. எக்ஸாம் அன்னைக்கு நீங்க சொல்லுங்க. இப்பவே சொல்லிட்டா எல்லாரும் அழுது முடிச்சிருப்பாங்க. எக்ஸாமினர் முன்னால அப்புறம் என்னத்தைச் சொல்வீங்க?"

"அதுவரைக்கும் கேட்டா?"

"பார்ப்போம், நல்லாயிடும்னு சொல்லுங்க. எப்பவும் சொல்றதுதானே."

எப்பவும் சொல்வதுதான். டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை அதைத்தான் சொல்வோம். மருத்துவம் முடிந்துபோன இடத்தில் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நாங்கள் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

பார்வை நேரத்தில் ஒருத்தரைத்தான் உள்ளே விடுவோம். தினமும் சிவனம்மாள்தான் வரும். ஆனந்தி பைக் நிறுத்தும் இடத்தில், மதிலோரம், சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பாள். நான் டூட்டி முடிந்து போகும்போது ஓடி வருவாள்.

"சிஸ்டர், எப்படி இருக்காரு?"

"நல்லாயிருவாரு. நீ செத்த நேரம் உக்காந்து எதையாச்சும் சாப்பிடு."

"நெசமாவா சிஸ்டர்?"

"நெசமாத்தான்."

இதைச் சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வரும். மறுநாள் வந்து அதையே சொல்வேன்.

உள்ளே அவன் நிறம் மாறிக்கொண்டிருந்தான். எக்ஸ்ரேயில் நுரையீரல் வெள்ளை படர ஆரம்பித்தது. மாடி ஏறி வந்தவன் போல, படுத்த இடத்திலேயே மேல்மூச்சு வாங்கினான். பக்கத்துக் கட்டிலில் ஆக்சிஜன் ஓடுவதைக் காட்டி, எனக்கும் வையுங்க என்று கேட்டான். இந்த மருந்து குடித்தவனுக்கு முன்கூட்டியே ஆக்சிஜன் வைத்தால் நுரையீரல் இன்னும் வேகமாக வேகும். கடைசிக் கட்டம் வரை வைக்கக் கூடாது. இதை எந்தத் தாய்க்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? "ஊருக்கெல்லாம் காத்து இருக்கு, எம்புள்ளைக்கு ஒரு முழம் காத்து வைக்க மாட்டாளுகளே, நாசமாப் போவாளுக" என்று சிவனம்மாள் வார்டே அதிரத் திட்டியது. திட்டட்டும் என்று விட்டுவிட்டேன். வேறு யாரைத் திட்டும், பாவம்.

பரீட்சைக்கு முந்தின நாள் காலையில் அவனால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டுதான் மிச்சத்தைச் சொன்னான். நேராக டாக்டரிடம் போனேன்.

"சார், நாளைக்கு அவன் பேச முடியாமப் போயிட்டா?"

"நாளைக்குத் தாங்கும்."

"என் பரீட்சைக்குத் தாங்கும் சார். அவனுக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "நீங்க ஒரு ஆள் பெயிலானா என்னையில்ல கேப்பாங்க புவனா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

போங்கய்யா நீங்களும் உங்க பரீட்சையும் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, திரையை இழுத்து மூடி அவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எத்தனையோ ஒத்திகை பார்த்த விஷயம். கண்ணுக்கு நேராக உட்கார வேண்டும், அவருக்கு என்ன தெரியும் என்று முதலில் கேட்க வேண்டும், படிப்படியாகச் சொல்ல வேண்டும். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"அப்பு, நீ வீட்டுக்குப் போயி ஆத்தாகிட்ட சொல்றேன்னியே. அது முடியாதுய்யா."

"ஏன், இன்னும் நாளாகுமா?"

"இல்ல. வீட்டுக்கே போக முடியாது. மருந்து உன் நெஞ்சுல எறங்கிருச்சு. இதுக்கு மருந்து இல்ல."

அவன் என்னையே பார்த்தான். அழுவான், கத்துவான், சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். "சம்பங்கிக்குத் தண்ணி கட்டி… நாளாச்சு சிஸ்டர்" என்றான். பிறகு போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டு உள்ளேயே விசும்பினான். அழுவதற்கும் அவனுக்கு மூச்சுப் போதவில்லை. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை; எழுந்து போகவும் முடியவில்லை.

போர்வை விலகியபோது கேட்டான். "ஆத்தா எங்க?"

"அழகர்கோயிலுக்குப் போயிருக்கு. கருப்புகிட்ட உன் உசிரக் கேட்டு வர. நாளைக்குக் காலையிலதான் வரும். ஆனந்தி கீழதான் நிக்கிது. கூப்பிடவா?"

"இப்ப வேணாம். தனியா அவகிட்ட சொன்னா… ஆத்தா நம்பாது. அவளாக் கதை கட்டிவிட்டாள்னு சொல்லும். ரெண்டு பேரையும்… வச்சுக்கிட்டுச் சொல்றேன்." மூச்சு வாங்கிக்கொண்டு, வெந்த உதட்டால் சிரிக்கப் பார்த்தான். "நாளைக்கு உங்களுக்குப் பரீட்சையாம்ல? கூட்டுற அக்கா சொல்லுச்சு. நான்தான்… கேள்வித்தாளாக்கும்?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. "அந்தக் கருமத்தை விடு."

"நீங்க புதுசாச் சொல்ற மாதிரி… சொல்லுங்க. நான் புதுசாக் கேக்குற மாதிரி… கேட்டுக்கிறேன். பாஸாகிப் போங்க."

சாகப்போகிறவன் எனக்குப் பாஸ் போட்டுத் தருகிறான். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் தேர்வாளர் சண்முகவள்ளி மேடம் வந்தார். இஸ்திரி கலையாத காட்டன் சேலை, கையில் மார்க் பேடு. பழனிக்குமாருக்கு அதற்குள் ஆக்சிஜன் மாட்டும் கட்டம் வந்துவிட்டது. மாட்டினேன். முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன், கேட்டதைச் சொன்னேன், அடுத்து என்ன செய்வேன் என்பதைச் சொன்னேன். மேடம் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். "இப்ப அட்டெண்டர்ஸைக் கூப்பிட்டு பேசுங்க" என்றார்.

சிவனம்மாள் நெற்றி நிறைய விபூதியோடு வந்தது. பின்னால் ஆனந்தி. அத்தனை நாளில் அன்றைக்குத்தான் அவளை உள்ளே விட்டிருந்தோம், அதுவும் பரீட்சைக்கு ஆள் வேண்டும் என்பதற்காக. அவள் புருஷனைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் உட்கார்ந்தேன். என்ன தெரியும் என்று கேட்டேன். படிப்படியாகச் சொன்னேன். முந்தின நாள் ஞாபகத்துக்கு வராத வரிகள் எல்லாம் அன்றைக்கு அழகாக வந்து விழுந்தன, எனக்கே அருவருப்பாக இருந்தது. "அப்படியா சிஸ்டர்?" என்று அவன் சரியான இடத்தில் கேட்டான். நாடகத்தில் முதல் தடவை வேஷம் கட்டினவன் போல, கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டான். மேடம் கவனிக்கவில்லை. சிவனம்மாள் போட்ட ஓலத்தில் எதுதான் கேட்கும்?

"ஆத்தா" என்றான் அவன். முகத்தில் இருந்த மாஸ்க்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டான். "ஆத்தா, கேளு. நான் ரோசத்துல… குடிக்கல. சரக்குன்னு நெனச்சு… பாட்டில் மாறிப்போச்சு. நான் குடிக்கிறத… விடவே இல்ல. ஆனந்தி மேல… தப்பில்ல."

ஓலம் நின்றது. சிவனம்மாள் மகனை உற்றுப் பார்த்தது. அந்த முகத்தில் கோபம் இல்லை, அதுதான் கொடுமை. உருகிப்போய் நின்றது.

"பாத்தியாடி" என்று மருமகள் பக்கம் திரும்பியது. "பாத்தியா, சாகுற நேரத்துலயும் ஒன்னையக் காப்பாத்தப் பாக்குறான். இந்தத் தங்கத்தையா அப்படிச் சொன்ன? எம்மகன் கருப்பு முன்னால சத்தியம் பண்ணவன். அந்தப் படியில நின்னு சொன்ன சொல்ல எவனாச்சும் மீறுவானா? அவன் தொட்டிருப்பானா?"

"தொட்டேன் ஆத்தா… நெசமாத்தான்…"

"பேசாத ராசா, மூச்சு வாங்குது. எனக்குத் தெரியும்."

நான் எழுந்துவிட்டேன். "அவரு சொல்றது உண்மைம்மா. வந்த அன்னைக்கே என்கிட்ட சொன்னாரு."

"வந்த அன்னைக்கே சொன்னானா? அப்ப ஏன் இத்தன நாளு நீ சொல்லல?"

சண்முகவள்ளி மேடம் என் கையைத் தொட்டு வெளியே அழைத்துக்கொண்டு போனார். "ரொம்ப நல்லா பண்ணீங்க. அமைதியா, தெளிவா சொன்னீங்க. குடும்பத் தகராறுல மட்டும் நாம தலையிடக் கூடாது, அதுக்கு ஒரு மார்க் குறைச்சிருக்கேன்" என்றார். மார்க்காவது மண்ணாங்கட்டியாவது.

வராந்தாவில் ஆனந்தி எனக்காகக் காத்து நின்றாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"சிஸ்டர், அவரு எனக்காகத்தானே அப்படிச் சொன்னாரு?"

"இல்ல ஆனந்தி. சத்தியமா இல்ல. பாட்டில்தான் மாறிப்போச்சு. உன் பேச்சுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. எம்புள்ளைக மேல ஆணையாச் சொல்றேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்த நாள்ல இருந்து, நல்லாயிருவாருன்னு எங்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தீக. நெசமாவான்னு கேட்டேன், நெசமாத்தான்னு சொன்னீக. எனக்கு மனசு தாங்காதுன்னுதானே சொன்னீக? இதையும் அதுக்குத்தான் சொல்றீக. நீங்க நல்லவுக சிஸ்டர்."

"ஆனந்தி, இது வேற—"

"இருக்கட்டும் சிஸ்டர்."

அவள் உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். சிவனம்மாள் கால்மாட்டில் தலையைச் சாய்த்துக் கிடந்தது. பழனிக்குமார் மாஸ்க்குக்குள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, கண்ணை மட்டும் அவள் மேல் வைத்திருந்தான். கேட்கிற கண். அவள் குனிந்து அவன் காதோரம் போனாள்.

"நான் நம்புறேன்யா" என்றாள். "நீ பாட்டில் மாத்தித்தான் குடிச்ச. எனக்குத் தெரியும். எம்மேல தப்பில்ல. நீ நிம்மதியா இரு."

அவன் முகம் தளர்ந்தது. அத்தனை நாளும் இறுக்கிப் பிடித்திருந்த தோள் கீழே இறங்கியது. அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, மறுநாள் காலை வரை ஓடும் என்று எனக்குத் தெரியும்.

ஆனந்தி முந்தானையால் அவன் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.